சிமெண்ட் வைத்த இடுப்பு

பன்னிரண்டு வருடமாக நான் மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்கித்தான் மீன் வாங்கினேன். தெரேஸ்புரத்திலிருந்து வரும் மீன்காரி காலை ஒன்பது மணி வாக்கில் தெருவில் நின்று “யக்கா” என்று ஒரு குரல் கொடுப்பாள். கூடை இறங்கும். சாளையோ, ஊளியோ, விளமீனோ, அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துவிட்டுக் கயிற்றை ஒரு தடவை இழுப்பாள். நான் மேலே இழுத்துக்கொள்வேன். அவள் என் வீட்டுப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. நானும் மேலே வா என்று சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

என் வீடு என்பது ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடி. கீழே, பேதி மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவரை இலை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பகலில் சுமை தூக்குகிறவர்கள் இருப்பார்கள். சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனால் அந்த இலை வாசமும் நானும்தான். மேலே ஏறப் பதினேழு படிகள். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தாறு வருடம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, கல்யாணம் காட்சி என்று ஒன்றும் நடக்காத எனக்கு, அந்த மாடி போதுமானதாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். நான் டைப் அடித்த காகிதங்களோடு எத்தனையோ கப்பல் போயிருக்கிறது, நான் ஒன்றில்கூட ஏறியதில்லை.

போன வருடம், பங்குனி வெயிலில் ஒருநாள், கூடை இறங்கவில்லை. குளியலறை வாசலில் கிடந்த கால்மிதி வழுக்கி இடது பக்கமாக விழுந்திருந்தேன். விழுந்தபோது பெரிய வலி இல்லை. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் உயிர் போயிற்று. காலைப் பார்த்தேன். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, என்னுடைய கால் மாதிரியே இல்லை. செல்போன் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. ஆறடி தூரம்தான், ஆனால் ஆறடி நகர முடியவில்லை.

இரண்டு மணி நேரம் அப்படிக் கிடந்தேன். என் முகத்துக்கு நேராக இரும்பு பீரோவின் அடிப்பக்கம். அங்கே தூசிக்குள் என்னமோ மின்னியது. உற்றுப் பார்த்தால் என் தோட்டுத் திருகாணி. முதல் சம்பளத்தில் வாங்கிய தோடு அது. நாலு வருடத்துக்கு முன்னால் திருகாணி தொலைந்து, வீடெல்லாம் தேடி, சலித்துப்போய்த் தோட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். இப்போது கண்ணுக்கு நேரே இருக்கிறது, கை எட்டவில்லை. எனக்கு அந்த நேரத்திலும் அதன்மேல் கோபம்தான் வந்தது.

கீழேயிருந்து “யக்கா” என்ற குரல் வந்தது. என்னால் சத்தம் போட முடியவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு படியில் காலடி கேட்டது. காலையில் பால் எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன். கர்த்தருடைய கிருபை என்றுதான் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தவள் உள்ளே வராமல் வாசலில் நின்று, “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று கூப்பிட்டாள். அப்புறம்தான் தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள்.

“யக்கா, என்னக்கா இங்கன கெடக்கிய?”

“விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல.”

“வாசல்ல செருப்பு கெடக்கே, அண்ணாச்சி எங்கன போயிட்டாவ?”

“அண்ணாச்சியெல்லாம் கிடையாது. செருப்பு மட்டுந்தான்.”

அவளுக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. தனியாக இருக்கிற பொம்பிளை வாசலில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பைப் போட்டுவைப்பது எங்கள் பக்கத்தில் புதிய விஷயமில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவன், யாராயிருந்தாலும் செருப்பைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். “வீட்ல யாரு இருக்கா?” என்று யார் கேட்டாலும் “இருக்காங்க” என்று என் நாக்கு தானாகச் சொல்லிவிடும். அவள் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கீழே ஓடிச் சுமைக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிவந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பதினேழு படியும் என்னை மூட்டையைப் போல இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் உடன் இருப்பவர் யார் என்று கேட்டார்கள். ஆள் இல்லாமல் படுக்கை கொடுக்கமாட்டார்கள் அல்லவா. மீன்காரி தன் பெயரைச் சொன்னாள். உறவு என்ன என்று நர்ஸ் கேட்டபோது, “தங்கச்சின்னு போடுங்க” என்றாள். நர்ஸ் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். “மீனு வெயில்ல கெடக்குக்கா, போயிட்டு வாரேன்” என்று என் தங்கச்சி அரை மணி நேரத்தில் போய்விட்டாள். போனால் என்ன, அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே ஓர் ஆயாவை ஏற்பாடு செய்துகொண்டேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் கழுத்து ஒடிந்துவிட்டது, இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்றார்.

“ரெண்டு விதமா வைக்கலாம்மா. ஒண்ணு, சிமெண்ட் போட்டு வைக்கிறது. வீடு கட்டுற சிமெண்ட் இல்ல. மாவு மாதிரி பிசைஞ்சு எலும்புக்குள்ள வச்சு, அதுல தண்டைச் சொருகுவோம். கால் மணி நேரத்துல இறுகிடும். மறுநாளே ஊனி நடக்கலாம். இன்னொண்ணு, சிமெண்ட் இல்லாம வைக்கிறது. தண்டோட மேல்பக்கம் சொரசொரன்னு இருக்கும். எலும்புக்குள்ள இறுக்கமா அடிச்சு எறக்கிருவோம். உங்க எலும்பே அதுக்குள்ள வளந்து பிடிச்சுக்கிடும்.”

“எது நல்லது?”

“ஆளைப் பொறுத்ததும்மா. வயசு கம்மின்னா சிமெண்ட் இல்லாம வைக்கிறது நல்லா உழைக்கும். வயசானவங்களுக்கு எலும்பு சாஃப்டா இருக்கும், அடிச்சு எறக்கையில கீறல் விடலாம். அவங்களுக்குச் சிமெண்ட்தான் பிடிமானம். அதுலயும் ஒரு சங்கடம் உண்டு, சிமெண்ட் வைக்கிற நேரத்துல பிரஷர் எறங்கலாம். மயக்க டாக்டர் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடுவார்.” ஃபைலைப் புரட்டினார். “உங்களுக்கு எழுவதுன்னு போட்டிருக்கு. எழுவதுங்கிறது வரப்புல நிக்கிற வயசு. எக்ஸ்ரேயும் ரொம்ப மோசமில்ல. இந்தப் பக்கமும் போலாம், அந்தப் பக்கமும் போலாம்.”

எனக்கு எழுபது இல்லை, எழுபத்துமூன்று. இதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாசரேத் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்பா தலைமை ஆசிரியர். மாற்றி மாற்றி வந்த காய்ச்சலில் நான் எட்டு வயதுக்குத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். ஊதினால் விழுந்துவிடுகிற உடம்பு, ஐந்து என்றாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். அப்பா ஐந்து என்றே எழுதிவிட்டார். கவர்மெண்ட் வேலை கிடைத்தால் மூன்று வருடம் கூடுதலாகச் சம்பளம் வாங்குவாள் என்ற கணக்கு அவருக்கு. எங்கள் தலைமுறையில் வீட்டுக்கு வீடு இந்தக் கூத்து உண்டு. கவர்மெண்ட் வேலை கிடைக்கவே இல்லை. வயது மட்டும் குறைந்தபடியே நின்றுவிட்டது. என் தம்பி எனக்கு இரண்டு வயது இளையவன். அவன் படித்த பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் பேனா எட்டவில்லை, கோயில் ஞானஸ்நானப் பதிவில் இருந்த தேதியையே அங்கே எழுதிவிட்டார்கள். ஆகவே காகிதத்தில் என் தம்பி எனக்கு அண்ணன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ‘வயசு கம்மின்னா’ என்ற சொல் காதுக்கு இனிப்பாக இருந்தது. சிமெண்ட் என்பது இனிமேல் அதிக நாள் இல்லாதவர்களுக்கு வைப்பது என்று என் மனதுக்குள் நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சிமெண்ட் இல்லாதது இன்னும் காலம் இருக்கிறவர்களுக்கு. யாருக்குத்தான் அந்த வரிசையில் நிற்க ஆசை இருக்காது. சிமெண்ட் இல்லாததையே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

“சிமெண்ட் இல்லாம வச்சா, என் வழக்கப்படி ஆறு வாரம் அந்தக் கால்ல முழுப் பாரம் போடவிடமாட்டேன்” என்றார் டாக்டர். “வாக்கர்ல சாஞ்சுதான் நடக்கணும். பக்கத்துல ஆள் வேணும். வீட்ல யாரு இருக்கா?”

“இருக்காங்க” என்று என் நாக்கு சொன்னது.

சாயங்காலம் தம்பி சென்னையிலிருந்து போன் செய்தான். மருமகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவன், இரண்டு முழங்காலும் அவனுக்குத் தகராறு, வரமுடியாது. அதை அவன் மறைக்கவில்லை. “அக்கா, எது லேட்டஸ்ட்டோ அதையே வைக்கச் சொல்லு” என்றான். “ஆறு வாரத்துக்கு நீ கவலப்படாத. தாம்பரத்துக்குப் பக்கத்துல நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு, பேசிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரா வண்டில வந்துரு. அப்புறம் என்ன செய்யன்னு பாத்துக்கிடலாம்.” அந்த ‘அப்புறம் பாத்துக்கிடலாம்’ எனக்கு நன்றாக விளங்கிற்று. போனால் என் மாடிக்கு நான் திரும்பமாட்டேன். ஆறு வாரம் ஆறு மாதமாகும், வீட்டுக்காரர் சாவியைக் கேட்பார், பீரோ யாருக்கோ போகும். ஆபரேஷனைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை, அந்த ஹோமைப் பற்றித்தான் பயம்.

ஆபரேஷன் அன்று காலையில் பிசியோதெரபிப் பெண் வாக்கரோடு வந்தாள். குனியக்கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, இடது காலைத் தரையில் சும்மா வைக்கலாம், ஊனக்கூடாது. “வீட்ல பாத்துக்கிடுறவங்களை ஒரு நிமிஷம் வரச்சொல்லுங்கம்மா, பிடிச்சு நடத்துறது எப்படின்னு சொல்லிக் கொடுத்துருதேன்” என்றாள். நான் வாசலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஆயா வாளியோடு போனாள். “கடைக்குப் போயிருக்காங்க” என்றேன். அவள் காத்திருந்தாள். நல்ல பெண், பத்து நிமிடம் காத்திருந்தாள். அந்தப் பத்து நிமிடம் மாதிரி நான் என் வாழ்க்கையில் தனியாக இருந்ததில்லை.

தியேட்டரில் குளிர் தாங்கமுடியவில்லை. மேசையில் படுக்கவைத்துத் தலைக்கு மேலே பெரிய விளக்கைத் திருப்பினார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் கையில் ஃபைலை வைத்துக்கொண்டு கேட்டாள். பெயர் என்ன, சொன்னேன். எந்தக் கால், இடது கால். வயது என்ன?

“எழுபத்துமூணு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த விளக்குக்குக் கீழே படுத்துக்கொண்டு பொய் சொல்லப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். செத்துப்போனால் கல்லறையிலாவது வயது சரியாக இருக்கட்டும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. நர்ஸ் என் கைப்பட்டையைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், மறுபடி கேட்டாள். மறுபடியும் எழுபத்துமூன்று என்றேன். உடனே எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். ஆள் மாறிவிட்டதோ என்ற சந்தேகம். டாக்டரைக் கூப்பிட்டார்கள். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

“சர்டிபிகேட் வயசு எழுவது, டாக்டர். எங்க அப்பா மூணு வருஷத்தைக் கொறச்சு எழுதிட்டாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “இதுக்காம்மா இவ்வளவு? எங்கப்பாவுக்கும் ரெண்டு வயசு உண்டு. எலும்புக்கு சர்டிபிகேட் தெரியாது. மூணு வருஷத்துல எனக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல.”

அறுபத்தைந்து வருடமாகப் பொத்திவைத்த ரகசியம் இவ்வளவு லேசாகப் போய்விட்டதே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. சொன்னது சொன்னாயிற்று, மீதியையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“இன்னொரு பொய்யும் சொல்லிட்டேன், டாக்டர். வீட்ல யாரும் இல்ல.”

இதற்கு அவர் சிரிக்கவில்லை.

“ஃபைல்ல கூட வந்தவங்க தங்கச்சின்னு போட்டிருக்கே?”

“அவ மீன்காரி.”

“வீடு கீழயா, மாடியா?”

“மாடி. பதினேழு படி.”

முன்பின் தெரியாத ஆறு பேருக்கு முன்னால், பச்சைத் துணி போர்த்திப் படுத்துக்கொண்டு, எழுபத்துமூன்று வயதில் அதை முதல் தடவையாக வாயால் சொன்னேன். யாரும் இல்லை. கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கையைத் தூக்கவிடாமல் சலைன் குழாய் இருந்தது.

“இதை முதல்லயே சொல்லியிருந்தா சிமெண்ட் இல்லாம வைக்கிற யோசனையே வந்திருக்காதும்மா” என்றார் டாக்டர். “அப்ப சிமெண்ட்தான். நாளைக்கு நீங்க ஊனி நடக்கணும், அஞ்சாறு நாள்ல படி ஏறணும். ஆறு வாரம் காத்துக்கிட்டிருக்க உங்களுக்கு ஆள் இல்ல.” புதிதாக ஒரு காகிதம் கொண்டுவந்து, சிமெண்ட் வைக்கிற விவரத்தைப் படித்துக் காட்டி, மறுபடி கையெழுத்து வாங்கினார்கள்.

“எவ்வளவு காலம் உழைக்கும்?” என்று கேட்டேன்.

“உங்களுக்குப் போதும்மா” என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. நடுவில் மறைப்புத் துணி. ரம்பச் சத்தம் கேட்டது, யாரோ எதையோ தட்டுவது கேட்டது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தேன். அப்புறம் மூக்கில் ஏறுகிற ஒரு நெடி வந்தது, நெயில் பாலிஷ் வாசத்துக்குப் பக்கத்தில் வரும். “சிமெண்ட் உள்ள போகுது, பிரஷர் பாருங்க” என்றார் டாக்டர். மயக்க டாக்டர் என் தோளில் கை வைத்து, “அம்மா, மூச்சை நல்லா இழுங்க” என்றார். அதற்குப் பிறகு ஒரே அமைதி. அது இறுகுகிற வரைக்கும் யாரும் அசையக்கூடாதாம். ஒரு பெண்குரல் நிமிடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்காக ஆறு பேர் அசையாமல் நின்றார்கள். அப்படி எனக்காக இத்தனை பேர் காத்து நின்றதாக எனக்கு வேறு ஞாபகம் இல்லை. இறுகாமலே இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பத்தோ பன்னிரண்டோ நிமிடத்தில் இறுகிவிட்டது.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் வந்து, “ஊனுங்கம்மா, தைரியமா ஊனுங்க” என்றாள். ஊனினேன். வலித்தது, ஆனால் நின்றது. உடம்புக்குள் அந்த இடம் மட்டும் ஒரு கல்தூண் மாதிரி நம்பிக்கையாக இருந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிப் படியில் ஏற்றிப் பழக்கினாள். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் இந்தத் தடவை கேட்கவில்லை. ஃபைலில் பார்த்திருப்பாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் வயது எழுபது என்று அச்சாகியிருந்தது. அதை அடித்து, பேனாவால் எழுபத்துமூன்று என்று திருத்தி, பக்கத்தில் ‘தனியாக வசிக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார் டாக்டர். ஞானஸ்நானப் பதிவுக்குப் பிறகு என்னைப் பற்றி ஒரு காகிதம் உண்மை பேசியது அன்றைக்குத்தான். அடித்தல் திருத்தல் இருந்த காகிதத்தை டைப்பிஸ்ட் ஒருத்தி ஒருநாளும் ரசித்திருக்கமாட்டாள், நான் ரசித்தேன்.

வாடகை வண்டிக்காரர் கிட்டங்கி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சுமைக்காரர்கள் தூக்கிவிட வந்தார்கள், வேண்டாம் என்றேன். பதினேழு படிக்கு இருபது நிமிடம் ஆயிற்று. நல்ல கால், அப்புறம் ஆபரேஷன் கால், அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த கைக்கம்பு. மேலே வாசலில் அந்தச் செருப்பு தூசி படிந்து கிடந்தது. உள்ளே போய், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, தம்பிக்குப் போன் செய்து, ஹோம் வேண்டாம், வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றேன். “லேட்டஸ்ட்தானக்கா வச்சிருக்காங்க?” என்றான். “ஆமா” என்றேன். வைத்த போனை மடியில் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

சாப்பாடு ஒரு மெஸ்ஸிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் வந்தது, கூடையில் ஏற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது திருகாணி ஞாபகம் வந்தது. அங்கேதான் இருக்கிறது. எந்த மூலை, எந்தக் காலுக்குப் பக்கத்தில் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதத்துக்குக் குனியக்கூடாது. ஒரு ஆள் வந்து முழங்காலிட்டுக் கையை விட்டால் ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். முப்பத்தாறு வருட ஆபீஸ், ஞாயிறுதோறும் கோயில், ஐம்பது வருட ஊர். யாருடைய பெயரும் வரவில்லை. வாய்விட்டு அழுதேன். கீழே மூட்டை ஏற்றுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

மறுநாள் காலையில் தெருவில் “யக்கா” என்ற குரல் கேட்டது. கைக்கம்பை ஊனி ஜன்னலுக்குப் போனேன். வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அவள் மேலே பார்த்தாள்.

“வந்துட்டியளா? நடக்கியளா?”

“நடக்கேன்.”

“நல்லதுக்கா. இன்னிக்கு ஊளி நல்லாருக்கு. கூடைய விடுங்க.”

கூடையைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லாத வார்த்தை.

“ஏளா, கொஞ்சம் மேல வந்துட்டுப் போயேன். பீரோவுக்கு அடியில ஒரு சாமான் கெடக்கு. எனக்குக் குனியக்கூடாது.”

அவள் தலைச்சுமையைப் பார்த்தாள், தெருக்கோடியைப் பார்த்தாள். “இப்ப நேரமில்லயேக்கா, மீனு காஞ்சிரும். ஞாயித்துக்கெழம எங்காளுவ கடலுக்குப் போவமாட்டாவ. மாதா கோயில் பூசை முடிச்சுட்டு வாரேன். இருப்பியள்லா?”

“இருப்பேன்” என்றேன். கூடையை இறக்கினேன். அவள் மீனை வைத்துக் கயிற்றை ஒரு தடவை இழுத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மீனைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மூலையில் நீளமான ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. அதைப் பீரோவுக்கு அடியில் விட்டு ஒரு தள்ளு தள்ளினால் திருகாணி வெளியே வந்துவிடும். குனியவே வேண்டாம். இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. எழுந்துபோய் ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்தேன். பிறகு அதை இருந்த மூலையிலேயே சாத்திவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் திருகாணி பீரோவுக்கு அடியிலேயே கிடக்கட்டும்.